நாலு துப்பாக்கியும் ஒரு ஆமெனும்

ஆஞ்சலா கோயில் கொயரில் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து இன்றுவரை அவள் ஆல்டோ. மேலே சோப்ரானோ சிறகடிக்கும், கீழே பேஸ் உறுமும், நடுவில் ஆல்டோ பாடுவது பாடுகிறவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் கேட்கும். ஆண்டவரும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கவனித்துக் கேட்டாரா என்று அவளுக்குச் சந்தேகம் உண்டு. அதனால் இந்த வருஷம் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கொயர் மாஸ்டர் ஆம்ப்ரோஸிடம் கேட்டே விட்டாள். மாதா திருவிழாப் பூசையில் நன்மை அப்பம் கொடுத்து முடிந்ததும் ஒரு தனிப்பாட்டு வரும். அந்தப் பாட்டு அவளுக்கு வேண்டும்.

ஆம்ப்ரோஸ் ரயில்வே ஆபீஸில் வேலை பார்க்கிறவர். எதையும் யோசித்துத்தான் சொல்வார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், "சரிம்மா, இந்த வருஷம் நீ பாடு" என்றார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பாட்டு வருஷா வருஷம் பவுலின் டீச்சருடையது. கோயில் இருக்கும் ஜோகுபாளையத்தில் பாதிப் பேர் அவரிடம் இங்கிலீஷ் கிராமருக்குத் திட்டு வாங்கியவர்கள். சோப்ரானோவில் அவர் நின்றால் மைக் தேவையில்லை. செய்தியைக் கேட்டதும் "ஓகே" என்று ஒரே வார்த்தை சொல்லிப் பாட்டுப் புத்தகத்தை மூடினார். மூடிய சத்தம் கோயில் வாசல்வரை கேட்டது. அதற்குப் பிறகு ஆஞ்சலாவிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

சரி, இதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று ஆஞ்சலா நினைத்திருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்தே வேறு வில்லங்கம் கிளம்பியது. அவளுடைய தம்பி டிரேவர். அவனும் அவன் கூட்டாளிகளும் கிட்டார், டிரம்ஸ் என்று ஒரு பேண்ட் வைத்திருக்கிறார்கள். இந்த வருஷம் திருவிழாப் பூசைக்கு நாங்கள்தான் வாசிப்போம் என்று பங்குச் சாமியாரிடம் போய் நின்றார்கள். கொயரும் போய் நின்றது.

"தேருக்கு போலீஸ் பர்மிஷன், கரண்ட் கம்பின்னு நான் நாயா அலையறேன்" என்றார் ஃபாதர். "கொயரா பேண்டா, உங்களுக்குள்ள பேசி ஒரு பேரைச் சொல்லுங்க. சண்டைன்னு மறுபடி என்கிட்ட வந்தீங்க, ரெண்டு பேரும் வேணாம், ஸ்பீக்கர்ல யூடியூப் போட்டுடுவேன்."

யூடியூப் என்றதும் இரண்டு கட்சியும் பயந்து கோயில் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தன. ஒரு மணி நேரம் பேசியும் ஒன்றும் நகரவில்லை. கடைசியில் டிரேவர் சிரித்துக்கொண்டே, "அங்கிள், பேசாம கிரண் கேமிங் சென்டர்ல ஒரு சுடற கேம் போட்டுடலாமா? ஜெயிச்சவங்களுக்கு பூசை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஹெர்பர்ட் ஒருவர்தான்.

ஹெர்பர்ட் கொயரின் பேஸ். இன்சூரன்ஸ் ஆபீஸில் ஜாக்கிரதையே தொழிலாக இருப்பவர். வெளியே வந்தால் எடுத்ததற்கெல்லாம் எகிறுவார். "போடுடா பாக்கலாம்! எங்களுக்கு கேம் தெரியாதுன்னு நினைச்சியா?" என்று மேஜையைத் தட்டினார். அவருக்குத் தெரிந்த கேம் போனில் ஆடும் கிரிக்கெட். அது அப்போது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. சின்னப் பையன்கள் முன்னால் பின்வாங்க ஆம்ப்ரோஸுக்கும் மனம் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம், அணிக்கு நான்கு பேர் என்று பேச்சு முடிந்தது. கொயர் பக்கம் ஆம்ப்ரோஸ், ஹெர்பர்ட், பவுலின் டீச்சர், ஆஞ்சலா.

அன்று வீட்டில் டிரேவர் ஆஞ்சலாவின் பின்னாலேயே சமையலறைக்கு வந்தான். "அக்கா, உனக்கு சோலோ இருக்குன்னு சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா வாயே திறந்திருக்க மாட்டேன். இப்ப பசங்க ஊரெல்லாம் சொல்லிட்டாங்க."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா வேணும்னே தோக்க மாட்டேன்."

"யாருடா உன்னைத் தோக்கச் சொன்னது?" என்று அவள் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். உள்ளுக்குள், தோற்றுத் தொலையேன்டா என்று கெஞ்சத்தான் தோன்றியது. இத்தனை வருஷம் காத்திருந்து கேட்டு வாங்கிய பாட்டு, துப்பாக்கி பிடிக்கத் தெரியாத நான்கு பேர் கையில் போய் நின்றதை நினைத்தால் அவளுக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமைக்கு முன்னால் பழகிக்கொள்ள நான்கு பேரும் கிரண் சென்டருக்குப் போனார்கள். அது ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே காரா பன் வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கும். கிரண் கன்னடக்காரன், தமிழ் நன்றாகப் பேசுவான், பதற்றம் வந்தால் மட்டும் கன்னடத்துக்கு ஓடிவிடுவான். அவன் வைத்த ஆட்டத்தின் பெயர் அயர்ன் மான்சூன். நான்கு பேர் ஒரு பாழடைந்த ரயில்வே ஸ்டேஷனுக்குள் நிற்க வேண்டும். இரும்புச் சிலந்திகள் அலை அலையாக வரும். ஒவ்வொரு அலையும் முந்தியதைவிடப் பெரியது. விழுந்தவர் விழுந்தவர்தான், எழுந்திருக்க முடியாது. எந்த அணி அதிக அலைகளைத் தாண்டுகிறதோ அதுதான் ஜெயித்தது.

"புதுசா ஆடறவங்களுக்கு எஸ்எம்ஜி நல்லது" என்றான் கிரண். "சப்மெஷின் கன். வெயிட் கம்மி, ஓடிட்டே சுடலாம், படபடன்னு பொழியும். ஆனா தூரத்துக்கு ஆகாது, பக்கத்துல வரவிட்டு அடிங்க. பட்டனை அமுத்திட்டே இருக்காதீங்க. அமுத்திட்டே இருந்தா துப்பாக்கி வாய் மேலே மேலே ஏறும், நீங்க சீலிங்கைச் சுட்டுட்டு இருப்பீங்க. மூணு நாலு குண்டு, விடுங்க. மறுபடி மூணு நாலு. நடு உடம்பைப் பாத்து வெச்சா தானா தலைக்கு ஏறும். குண்டு காலியாச்சுன்னா சுவத்துக்குப் பின்னாடி போய் ரீலோட். அதுக்கு நேரமில்லையா, இடுப்புல சின்ன பிஸ்டல் இருக்கு, அதை எடுங்க."

"மூணு நாலு, விடணும். ஸ்டக்காட்டோ" என்றார் ஆம்ப்ரோஸ், முகம் மலர்ந்து. கொயரில் துண்டு துண்டாக வெட்டிப் பாடுவதற்கு அந்தப் பெயர். அவருக்குத் தெரிந்த ஒரு சொல் கிடைத்துவிட்டது, போதும். "நாலு பேரும் ஒரே மாதிரி துப்பாக்கி எடுப்போம். கொயர்னா யூனிஃபார்மா இருக்கணும். நான் ‘ம்’னு சொன்னா ஆரம்பிக்கணும்."

ஆரம்பித்தார்கள். என்ன ஒற்றுமை! நான்கு துப்பாக்கியும் ஒரே தாளத்தில் பேசின. மூன்று நான்கு, நிறுத்தம். மூன்று நான்கு, நிறுத்தம். முதல் சிலந்திகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஹெர்பர்ட் பூரித்துப் போனார். திடீரென்று சத்தம் நின்றது. நான்கு பேர் துப்பாக்கியும் ஒரே நொடியில் காலி. நான்கு பேரும் ஒன்றாகச் சுவருக்குப் பின்னால் போய், ஒன்றாகக் குனிந்து, ஒன்றாகக் குண்டு மாட்டினார்கள். அந்த அழகான அமைதிக்குள் சிலந்திகள் சாவகாசமாக நடந்து வந்து நான்கு பேரையும் சாப்பிட்டன.

மறுபடி ஆடினார்கள். மறுபடி அதே மாதிரி செத்தார்கள். மூன்றாம் அலையைத் தாண்ட முடியவில்லை.

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுக் கிரண் தலையில் கைவைத்தான். "சார், நாலு பேரும் ஒண்ணா ரீலோட் பண்றீங்க. நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன், இப்படி யாரும் பண்ணி பாத்ததில்ல."

பார்த்திருக்க முடியாதுதான். சேர்ந்து ஆரம்பித்துச் சேர்ந்து நிறுத்துவது லேசில் வருகிற வித்தை அல்ல. வருஷக் கணக்கில் ஆம்ப்ரோஸின் கையைப் பார்த்துப் பாடி, கமா வந்த இடத்தில் எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்கி, அது அவர்கள் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. தனித்தனியாகச் சுடுங்கள் என்று கிரண் சொன்னான். முயன்றார்கள். கொஞ்ச நேரத்துக்குள் விரல்கள் தாமாகவே ஒன்று சேர்ந்துகொண்டன.

பவுலின் டீச்சர் மட்டும் ஒரு சட்டம் போட்டார். "யாருக்கு காலியானாலும் ‘ரீலோட்’னு வாய்விட்டுச் சொல்லணும். பக்கத்துல இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?" ஆம்ப்ரோஸ் சொன்னார், ஹெர்பர்ட் கத்தினார். ஆஞ்சலாவுக்கு மட்டும் வாய் வரவில்லை. காலியானால் சத்தம் போடாமல் குனிந்துவிடுவாள். அது அவள் சுபாவம். தனக்கு மூச்சு போதவில்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்றும் அவளை அரித்தது. பவுலின் டீச்சரின் குண்டுகள் நிறைய வீணாகப் போயின. கண் சரியில்லையா, மனசே இல்லையா? கொயர் தோற்றால் ஆஞ்சலா பாட மாட்டாள். அதில் டீச்சருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லையே. இப்படி நினைத்தது அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நினைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் கோயிலில் வழக்கமான பயிற்சி. பூசை கிடைக்குமோ கிடைக்காதோ, ஆம்ப்ரோஸ் பயிற்சியை விடுகிற ஆள் இல்லை. கடைசிப் பாட்டின் முடிவில் ஒரு நீண்ட ஆமென் வரும். ஒரு மனிதர் மூச்சு அதற்குப் போதாது. இழை அறாமல் அது ஓட வேண்டும். அதற்கு ஆம்ப்ரோஸ் வைத்த சட்டம் எல்லோருக்கும் மனப்பாடம்: பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் நீ வாங்காதே. அவர் உள்ளே வந்த பிறகு நீ வெளியே போ. கேட்கிறவனுக்கு யாரும் மூச்சே விடாத மாதிரி இருக்க வேண்டும்.

ஆமெனின் நடுவில், ஹெர்பர்ட் மூச்சு வாங்க, தான் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில், ஆஞ்சலா களுக்கென்று சிரித்துவிட்டாள். ஆமென் அறுந்தது.

"என்னம்மா இது?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"அங்கிள், நாம கமா வர்ற பாட்டு மாதிரி சுட்டுட்டு இருக்கோம். அது தப்பு. ஆமென் மாதிரி சுடணும்."

ஆம்ப்ரோஸ் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவே மறந்துவிட்டார். "பவுலின் முதல்ல மூச்சு வாங்கட்டும்" என்றார் மெதுவாக. "அப்புறம் நீ. அப்புறம் நான். ஹெர்பர்ட் கடைசி." ஹெர்பர்ட் உற்சாகம் தாங்காமல் கோயில் என்றும் பாராமல் கைதட்டினார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஆபீஸ் முடிந்து, ஸ்கூல் முடிந்து, பேக்கரி மாடியே கதியாகக் கிடந்தார்கள். ஒருவர் துப்பாக்கி நின்றால் மற்ற மூன்றும் பேசின. சத்தத்தில் ஓட்டையே விழவில்லை. சிலந்திகளுக்கு உள்ளே வர வழியில்லை. ஐந்தாம் அலை, ஏழாம் அலை, ஒன்பது என்று ஏறினார்கள். வெள்ளிக்கிழமை கிரண் இவர்களுக்குக் கணக்கில் சேர்க்காமல் டீ வாங்கிக் கொடுத்தான். டீச்சரும் ஆஞ்சலாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இருவருக்கும் நடுவில் ‘ரீலோட்’ என்ற ஒரு சொல்தான் பேச்சு. அதையும் டீச்சர் மட்டும்தான் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் மாடி நிரம்பி வழிந்தது. முதலில் டிரேவர் அணி ஆடியது. அவர்கள் கையில் விதவிதமான துப்பாக்கி, வாயில் விதவிதமான கூச்சல். நன்றாகவே ஆடினார்கள். பதினான்காம் அலையின் நடுவில் கடைசியாக டிரேவர் விழுந்தான். கொயர் ஜெயிக்க வேண்டுமானால் பதினான்காம் அலை முடியும்போது ஒருவராவது உயிரோடு நிற்க வேண்டும். இவர்கள் பயிற்சியில் பத்தைத் தாண்டியதில்லை.

ஆம்ப்ரோஸ் சிலுவை போட்டுக்கொண்டு "ம்" என்றார்.

அன்றைய ஆட்டத்தைப் பற்றிக் கிரண் இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான்கு எஸ்எம்ஜி, ஒரே நீளமான சத்தம், அறுபடவே இல்லை என்பான். பதினோராம் அலையில் ஹெர்பர்ட் ஆர்வக்கோளாறில் ஒரு சிலந்தியைத் துரத்திக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடினார். எஸ்எம்ஜி எட்டாத தூரத்தைச் சுட்டுக்கொண்டே அங்கேயே விழுந்தார். பதின்மூன்றில் ஆம்ப்ரோஸ் போனார். மிச்சம் இரண்டு பேர்: சோப்ரானோவும் ஆல்டோவும்.

பதினான்காம் அலை வந்தது. டீச்சர் சுட, ஆஞ்சலா மாட்டினாள். ஆஞ்சலா சுட, டீச்சர் மாட்டினார். சிலந்திகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் யானை அளவுக்கு ஒன்றே ஒன்று, ஏற்கெனவே பாதி நொறுங்கி, நொண்டிக்கொண்டே நேராக இவர்களைப் பார்த்து வந்தது.

"ரீலோட்!" என்று கத்தினார் பவுலின் டீச்சர். கத்தியவர் பதற்றத்தில் வேறு பட்டனை அமுக்கிவிட்டார். குண்டு மாட்டுவதற்குப் பதில் டார்ச் லைட் எரிந்தது. "ஐயோ, எது, எதுடி அது?"

ஆஞ்சலாவின் துப்பாக்கியில் விரல்விட்டு எண்ணும் குண்டுகள்தான் இருந்தன. இடது பக்கம் வழி திறந்து கிடந்தது. கையில் லேசான துப்பாக்கி, ஓடலாம். ஓடினால் சிலந்தி முதலில் டீச்சரிடம் போகும். அந்த நேரத்துக்குள் தனக்குக் குண்டு மாட்டிக்கொள்ளலாம், ஒருவேளை ஜெயிக்கவும் செய்யலாம். பாட்டும் கிடைக்கும். இவ்வளவும் அவள் மனசில் ஓடியது உண்மை. ஆனால் பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும்போது விட்டுவிட்டுப் போக அவளுக்குப் பழக்கமில்லை. அவள் டீச்சருக்கு முன்னால் வந்து நின்றாள். மூன்று குண்டு, நான்கு குண்டு, காலி. பிஸ்டலை எடுத்தாள். சிலந்தியின் கால் ஓங்கியது. அவள் திரை சாம்பல் நிறமானது.

அதற்குள் டீச்சருக்குப் பட்டன் கிடைத்துவிட்டது. மூன்று நான்கு, விட்டார். மூன்று நான்கு, விட்டார். நடு உடம்பில் ஆரம்பித்துத் தலைக்கு ஏறியது. ஒரு குண்டும் வீணாகவில்லை. யானைச் சிலந்தி பொத்தென்று மடங்கி உட்கார்ந்தது. திரையில் அடுத்த அலை ‘15’ என்று வந்தது.

மாடி அதிர்ந்தது. ஹெர்பர்ட் கிரணைத் தூக்கப் பார்த்து முதுகைப் பிடித்துக்கொண்டார். டிரேவர் வந்து ஆம்ப்ரோஸிடம் கை கொடுத்தான். "பூசை உங்களுது அங்கிள். கிறிஸ்துமஸ் எங்களுக்கு, இப்பவே சொல்லிட்டேன்." போகிற போக்கில் அக்காவின் தலையைத் தட்டிவிட்டுப் போனான்.

பவுலின் டீச்சர் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஓடியிருக்கலாமே. எதுக்கு முன்னாடி வந்து நின்னே?"

"ஆமென் அறுந்துடும்ல டீச்சர்."

டீச்சர் பழைய குரலில் ஆரம்பித்தார். "காலியாச்சுன்னா சொல்லணும். ‘ரீலோட்’னு ஒரே ஒரு வார்த்தை. கடைசிவரைக்கும் நீ சொல்லவே இல்லை."

திருவிழா அன்று கோயிலில் எள் போட்டால் எள் விழ இடமில்லை. கொயர் முழுக்க வெளிர்நீலம். ஆஞ்சலாவின் பட்டுப்புடவை தோளில் நழுவிக்கொண்டே இருந்தது, டீச்சர் ஒரு ஊக்கை எடுத்து அவளைக் கேட்காமலே குத்திவிட்டார். நன்மை முடிந்து கூட்டம் முழுக்க முழங்காலில் இருந்தது. ஆம்ப்ரோஸ் கீபோர்டில் ஸ்ருதி கொடுத்து அவளைப் பார்த்தார்.

அவள் பாடினாள். தன் குரல் தனியாகக் கூரைவரை போய்த் திரும்பி வருவதை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு நாள் இதை எங்கே வைத்திருந்தோம் என்று அவளுக்கே ஆச்சரியம். முதல் பகுதி போனது, இரண்டாவது போனது. கடைசிச் சொல் ‘தாயே’. அந்த ‘யே’ வளைந்து வளைந்து நெடுநேரம் நிற்க வேண்டும். வீட்டில் நூறு முறை நின்ற ‘யே’தான். ஆனால் சாம்பிராணிப் புகை, கூட்டம், படபடப்பு. பாதி வழியில் மூச்சு தீர்ந்தது.

தீர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு நொடியில் அறுந்துவிடும். முன்வரிசையில் அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். டிரேவர் போனில் எடுத்துக்கொண்டிருந்தான். தனிப்பாட்டில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது கொயரின் சட்டம்.

அப்போது அவள் வலது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மைக் தேவைப்படாத அந்தப் பெரிய குரலாக அல்ல. அது தன்னை இழைத்து இழைத்து மெல்லியதாக்கி, ஆஞ்சலாவின் குரல் மாதிரியே ஆக்கி, அவள் விடப்போகிற இடத்தில் வந்து பிடித்துக்கொண்டது. பவுலின் டீச்சர் பீடத்தைப் பார்த்து நேராக நின்றிருந்தார். உதடு அசைவதுகூடத் தெரியவில்லை. ஆஞ்சலா மூச்சு வாங்கினாள், வயிறு நிறைய வாங்கினாள். உள்ளே வந்தாள். அவள் வந்து காலூன்றியதும் அந்தக் குரல் சொல்லாமல் விலகிக்கொண்டது. ‘யே’ கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

பூசை முடிந்ததும் டிரேவர் ஓடி வந்தான். "அக்கா, செம! கடைசில எவ்ளோ நேரம் புடிச்சே! நடுவுல மூச்சே விடலையே நீ! வீடியோல பாரு!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். பவுலின் டீச்சர் பாட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னிக்கும் சொல்லல பாரு" என்றார். "வாயைத் திறந்து ‘ரீலோட்’னு சொன்னா என்னடி?"